கச்சான் காற்றும் கரம் பலகையும்

மே மாதத்தின் நடுப்பகுதியில் கற்பிட்டிக் குடாநாட்டில் எழும் தென்மேல் காற்று ஒக்டோபர் வரை இலேசில் அடங்குவதில்லை. கச்சான் என்றும் சோளகம் என்றும் மீனவர்கள் பெயர் சொல்லும் இந்தக் காற்றைத் தேடித்தான், பெரிய பட்டமொன்றின் இழுவையில் அலைமேல் சறுக்கும் வெளிநாட்டு இளைஞர்கள் ஆண்டுதோறும் அங்கு வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு அது பருவகாலம். அதே காற்று சிறு படகுகளைக் கரையில் ஏற்றிவைத்துவிடுகிறது. உடப்பின் கரைவலைக்காரர்கள் சம்மாட்டிமாரோடு முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்விடுவார்கள். புத்தளம் களப்பில் வலைபோடுவோர் ஓரளவு தாக்குப்பிடிப்பார்கள். மிகுதிப்பேர் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். அந்த இருப்பில் அவர்களிற் பலர் என்ன செய்கிறார்கள் என்பதை நான் நீண்டகாலமாகக் கவனித்து வந்திருக்கிறேன். அவர்கள் விளையாடுகிறார்கள். ஒரு சதமும் வராத விளையாட்டுக்கு அவர்கள் கொடுக்கும் நேரத்தின் அளவு, கணக்கிட்டுப் பார்த்தால், திகைப்பூட்டுவது.

காற்றைத் தேடி வருவோருக்காகக் கட்டப்பட்ட தங்குமிடங்கள் சிலவற்றில் இப்போது பூல் மேசைகள் இருக்கின்றன. பச்சை அல்லது நீலத் துணி விரித்த, ஆறு குழிகள் கொண்ட மேசை. மாலையில் விருந்தினர்கள் ஒரு கையில் குடிபானத்தோடு ஆடுவார்கள். அவர்கள் உறங்கப் போனபின் ஆடுவது அங்கு வேலை செய்யும் உள்ளூர்ப் பையன்கள். தட்டுக் கழுவி, மேசை துடைத்து, இரவு பதினொரு மணிக்குமேல் கோலைக் கையில் எடுக்கிறார்கள். காலையில் ஐந்தரைக்கு மீண்டும் வேலை.

அவர்கள் ஆடுவதைப் பார்த்தவுடனேயே இவர்கள் கரம் ஆடி வளர்ந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். கோணம் பிடிப்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. பந்தின் எந்த ஓரத்தைத் தொட்டால் எந்தக் குழிக்குப் போகும் என்பதைக் கண் தானாகச் சொல்லிவிடுகிறது. தடுமாறுவது அடுத்த அடியில். கரத்தில் ஒவ்வோர் அடிக்குப் பின்னரும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பிவிடும். அதைக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடுத்த காயைக் குறிபார்க்கலாம். பூலில் வெள்ளைப் பந்து எங்கு போய் நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆகவே பூல் ஆடுபவன் அடிக்கும்போதே, அடித்தபின் பந்து எங்கே நிற்கவேண்டும் என்றும் சிந்திக்கிறான். பிறந்ததிலிருந்து கரம் ஆடிய கைக்கு இந்தச் சிந்தனை பழக்கமில்லை. மூன்று பந்துகளை அழகாக வீழ்த்திவிட்டு நான்காவதற்கு வழியில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

கோலும் பந்தும் கொண்டு ஆடும் மேசை விளையாட்டு இலங்கையருக்குப் புதிதன்று. 1967ஆம் ஆண்டின் உலகத் தொழில்சாரா பில்லியட்ஸ் போட்டி கொழும்பில்தான் நடந்தது. இங்கிலாந்தின் லெஸ்லி ட்ரிஃபீல்ட் வென்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1973இல் பம்பாயில் நடந்த போட்டியில் எங்கள் எம்.ஜே.எம். லாபீர் உலகப் பட்டத்தை வென்றார். இந்நாட்டின் முதல் உலக சம்பியன் என்று இன்றும் அவரைக் குறிப்பிடுவார்கள். புத்தளம், கற்பிட்டிப் பகுதி முதியவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முகம் மலரும், பில்லியட்ஸ் மேசையை ஒருநாளும் கண்டிராதவர்களுக்கும்கூட. 1981இல் அவர் காலமானார். அவருக்குப் பின் அந்த விளையாட்டு எங்களுடைய சிற்றூர்களுக்கு வந்து சேராததற்குக் காரணம் மிக எளியது. பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட மேசை, உள்ளே கற்பலகை, எடை ஒரு தொன்னுக்கு மேல். அதை வைத்திருந்தவை நகரத்துக் கழகங்கள். உள்ளே போக அங்கத்துவமும் சப்பாத்தும் வேண்டும்.

'தொழில்சாரா' என்ற சொல்லை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் இதற்குள்ள சொல்லின் வேர் 'அன்பு செய்பவன்' என்ற பொருளுடையதாம். தமிழில் நாம் அதைத் 'தொழில் அல்லாதது' என்று எதிர்மறையில் சொல்லிவைத்திருக்கிறோம். அல்லது 'பொழுதுபோக்கு' என்கிறோம். பொழுது தானாகவே போகும், அதை யாரும் போக்கவேண்டியதில்லை என்று என் பாட்டனார் ஏசுவார். உலகப் பட்டம் வென்றவரும் தொழில்சாரா ஆட்டக்காரர்தான், மாலையில் அரை மணிநேரம் காய் தட்டுபவரும் தொழில்சாரா ஆட்டக்காரர்தான் என்றால், அந்தச் சொல் நமக்கு எதையும் விளக்கவில்லை. பணம் வரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. எவ்வளவு போனது என்பதைச் சொல்வதில்லை.

புத்தளத்துக் கரையின் பூல் என்பது கரம்தான். 29 அங்குலச் சதுரப் பலகை, நான்கு மூலையிலும் குழி, ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, 15 கிராமுக்கு மேற்படாத ஒரு ஸ்ட்ரைக்கர். சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலைகளிலும் விளையாட்டுக் கழகக் கொட்டில்களிலும், மீன் வாடிகளிலும்கூட அது இருக்கும். பலகைக்கு மேலே தாழத் தொங்கும் மின்குமிழுக்கு இந்தக் கரையில் இரண்டு வேலை. வெளிச்சம் தருவது ஒன்று. உப்புக் காற்றில் ஈரம் ஏறிய பலகையை உலர்த்துவது மற்றையது. ஆட்டம் தொடங்குமுன் அரை மணிநேரம் குமிழை எரியவிட்டு, பின் துணியால் துடைத்து, போரிக் தூளை விரலிடுக்கால் தூவுவார்கள். தூள் கட்டிபட்டிருந்தால் அன்றைய ஆட்டத்தின் தரமே போயிற்று. மூலைக்குழிகளின் வலையை அவர்களே நைலோன் நூலால் பின்னிக்கொள்வார்கள். வலை பின்னத் தெரியாதவர் அங்கு யார்?

மீனவனின் விரல் இந்த விளையாட்டுக்கு ஏற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். தூண்டில் தங்கூசி அறுத்த விரல், கயிறு இழுத்துத் தடித்த தோல், உப்பில் வெடித்த நகக்கண். கரத்தில் அடியின் நுட்பம் முழுவதும் நகமும் சதையும் சேரும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவிரலால் அடித்துப் பழகியவர் அது வெட்டுப்பட்டதும் ஆட்காட்டி விரலுக்கு மாறி, மூன்று மாதம் தோற்றுத் தோற்று, மீண்டும் தன் நிலைக்கு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் பேனை பிடிப்பவரோடு மோதும்போது இந்த வித்தியாசத்தை எந்த நடுவரும் புள்ளியில் சேர்ப்பதில்லை.

எனக்கும் இந்தப் பலகையோடு பழைய உறவு உண்டு. 1980களின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. உயர்தரப் பரீட்சையில் தேறியும் உள்ளே போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்த தலைமுறை எங்களுடையது. காலையில் வாசிகசாலையில் பத்திரிகை வாசித்து முடிந்ததும் பலகையைச் சுற்றி அமர்ந்துவிடுவோம். என் ஆட்டம் நடுத்தரமானது; கலைப்பீடத்துக்குள் நுழைந்ததும் விட்டுவிட்டேன். அந்நாட்களில் எங்களோடு இருந்தவர்களில் ஒருவர் மட்டும், வேலை கிடைத்து, மணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்தபின்னும் விடவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம்தான் சும்மா கிடைத்தது. அவர் மட்டும் சும்மா கிடைக்காத நேரத்தையும் கொடுத்தார்.

1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களிற் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. தில்லையடி, ஆலங்குடா, கற்பிட்டி வீதியோரங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று நினைத்துப் போடப்பட்ட கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்து பாடசாலைக்கும் போனார்கள். 1990களின் நடுவில் செய்திக்காக அங்கு போனபோது கொட்டில்களுக்கிடையே நான் கண்ட பலகைகள் கடையில் வாங்கியவை அல்ல. கிடைத்த ஒட்டுப்பலகைத் துண்டில் தச்சுவேலை தெரிந்த யாரோ சட்டம் அடித்தவை. போரிக் தூளுக்குப் பதில் முகப்பவுடர். இரவில் பெற்றோல்மக்ஸ்.

நான் சொல்ல வந்த இளைஞனின் தந்தை அந்தப் பலகைகளில் ஒன்றில் ஆடப் பழகியவர். மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவர். இப்போது களப்பில் நண்டு வலை போடுகிறார். "நேரத்தைத் தவிர எங்கட்ட வேற என்ன சேர் இருந்திச்சு?" என்று அவர் என்னிடம் கேட்டார். மகன் 2000ஆம் ஆண்டில் பிறந்தவன். பத்து வயதில் தந்தையின் எதிரே உட்கார்ந்து தொடங்கியவன், பதினேழு வயதில் ஊரில் அவனுக்கு எதிரே உட்கார ஆளில்லை என்ற நிலைக்கு வந்தான். பெயரைத் தவிர்த்துவிடுகிறேன், அவனுடைய தாயார் அப்படித்தான் விரும்புவார்.

அவனது ஒருநாளை அவன் சொன்னபடியே தருகிறேன். கடல் திறந்திருக்கும் மாதங்களில் அதிகாலை இரண்டு மணிக்குப் படகு தள்ளுவார்கள். எட்டு, ஒன்பது மணிக்குக் கரை. மீன் ஏலம், வலை கழுவுதல், இயந்திரம் கழற்றி வைத்தல். பதினொன்றரைக்கு வீடு. சாப்பிட்டுப் படுத்தால் நான்கு மணிவரை உறங்கவேண்டும்; உடம்பு அதைக் கேட்கும். அவன் இரண்டு மணிக்கே எழுந்துவிடுவான். இரண்டிலிருந்து நான்குவரை கழகக் கொட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள். தனியே ஆடலாம். வலது மூலைக்கு அருகே ஒரு காயை வைத்து, அதையே நூறு முறை. பின் இடது மூலைக்கு நூறு முறை. பின், பலகையின் ஓரத்தில் பட்டுத் திரும்பி விழவேண்டிய காய். நண்பர்கள் வந்தபின் நடக்கும் ஆட்டத்தை அவன் பயிற்சியாகவே எண்ணுவதில்லை, அது வேடிக்கை.

பத்திரிகைக்காரனின் பழக்கம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றுக்காலம் ஐந்து மாதம். அதில் பாதி நாட்களேனும் கடல் இல்லை என்று கொள்வோம். 75 நாள், நாளொன்றுக்கு 6 மணித்தியாலம்: 450. மிகுதி 290 நாள், நாளொன்றுக்கு 2 மணித்தியாலம்: 580. ஆண்டொன்றுக்கு 1,030 மணித்தியாலம். பத்து ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

பத்தாயிரம் என்ற எண் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக அவ்வளவு மணித்தியாலம் தனியே பயின்றிருந்ததாகக் கண்டார்கள். 2008இல் மல்கம் கிளாட்வெல் அதை ஒரு நூலில் எழுதப்போய், பத்தாயிரம் மணித்தியாலம் எதைச் செய்தாலும் மேதையாகிவிடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. எரிக்சன் அதை ஏற்கவில்லை. மணித்தியாலத்தின் எண்ணிக்கை போதாது, தன் குறையைத் தேடித் திருத்தும் பயிற்சியாக அது இருக்கவேண்டும் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. கழகக் கொட்டிலில் நாள் முழுவதும் ஆடும் முதியவர்கள் சிலர் முப்பதாயிரம் மணித்தியாலத்தைக் கடந்திருப்பார்கள். ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது.

மேலே போட்ட கணக்கில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. 450 மணித்தியாலம் காற்றுக் கொடுத்தது. கடல் மூடியிருக்கும்போது ஆடுவதற்கு யாருக்கும் பெரிய பற்று வேண்டியதில்லை; வேறு வேலை இல்லை. 580 மணித்தியாலத்தை அவனே, தன் உறக்கத்திலிருந்து, எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒருவன் இந்த விளையாட்டுக்கு எவ்வளவு உரியவன் என்று அறிய ஆடி மாதத்தில் அவனைப் பார்த்துப் பயனில்லை. கார்த்திகையில், மீன் படும் நாளில், கண் எரிச்சலோடு பகல் இரண்டு மணிக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கவேண்டும்.

உறக்கத்தை இழந்த உடம்பு கடலில் தவறு செய்யும். அவனுடைய தாயாரின் கோபம் முழுவதும் இதைப் பற்றியதே. "காய் தட்டுறதில எனக்கு ஒண்டுமில்ல சேர். படகில தூங்கி விழுந்தா யார் பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. படகுத் துணையாளர்களும் ஒருமுறை அவனை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றிக்கொண்டதுண்டு. விளையாட்டுக்குக் கொடுக்கும் நேரத்தை ஆட்டக்காரன் மட்டும் கொடுப்பதில்லை. வலை கழுவும் வேலையை அவனுக்காகச் செய்யும் தந்தை, மாலைச் சாப்பாட்டை மூன்றுமுறை சூடாக்கும் தாய், இவர்களும் தங்கள் பங்கைக் கட்டுகிறார்கள். விருப்பத்தோடா என்று யாரும் கேட்பதில்லை.

2022 வந்தது. எரிபொருள் வரிசைகளைப் பற்றி நான் இங்கு எழுதவேண்டியதில்லை. ஒகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. அந்த மண்ணெண்ணெயில்தான் கரையோரத்துச் சிறு படகுகள் ஓடுகின்றன. காற்று அடங்கிய பின்னரும் படகுகள் கரையிலேயே நின்றன. பலகைகளைச் சுற்றி முன்னொருபோதும் காணாத கூட்டம். அவ்வாண்டில் இந்தக் கரையின் கரம் ஆட்டம் பெரிதும் முன்னேறியிருக்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவனிடம் அப்படித்தான் கேட்டேன். இல்லை என்றான். பசியோடு ஆடுபவன் சிவப்பை முதலிலேயே அடிக்கப் பார்ப்பான், பொறுமை இருக்காது என்றான். எனக்கு இது புதிய செய்தி. அதன் பின்னர் நான் ஆட்டங்களைப் பார்க்கும்போது சிவப்பு எப்போது விழுகிறது என்று கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

போட்டிகளுக்குப் போவது தனிக் கதை. கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அங்கிருந்து கொழும்புக்கு இன்னும் 130 அளவில். முதல்நாள் பின்னேரமே புறப்பட்டு, யாராவது உறவினர் வீட்டில் படுத்து, காலையில் மண்டபத்துக்குப் போய், முதற்சுற்றில் தோற்றால் பிற்பகலே திரும்பவேண்டும். இரண்டுநாள் உழைப்பு இழப்பு, பயணச் செலவு, இவற்றோடு அரை மணிநேர ஆட்டம். எதிரே அமர்பவர் பெரும்பாலும் ஒரு வங்கியிலோ, நிறுவனத்திலோ, படையிலோ வேலை செய்பவர். பயிற்சிக்கு நேரமும் போட்டிக்கு விடுமுறையும் பெற்றவர். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவரும் தன் மாலைகளைக் கொடுத்தே அங்கு வந்திருக்கிறார். ஆயினும் இருவரையும் ஒரே சொல்லால் 'தொழில்சாரா ஆட்டக்காரர்' என்று நாம் எழுதிவிடுகிறோம்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாக உண்டு. பெற்றோலிய நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆகியவை தேசியப் போட்டிகளில் தங்கள் அணிகளை இறக்குகின்றன. வேலையே ஆட்டத்தின் நிழலாக அமைகிறது. சென்னையின் அ. மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். கரத்துக்காக அவ்விருதைப் பெற்றவர் அவர். (அங்கே 'கேரம்' என்பார்கள், நாம் 'கரம்' என்றே பழகிவிட்டோம்.) நமக்கும் அந்த உயரம் கிட்டியதுண்டு. 2012இல் கொழும்பில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் நிஷாந்த பெர்னாண்டோ ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். கிரிக்கெட்டில் ஓர் அரையிறுதித் தோல்விக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த வெற்றிக்குப் பத்திரிகைகளில் கிடைத்திருந்தால் நல்லது. அந்தப் பக்கங்களை ஒதுக்கும் மேசைகளுக்கருகில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கரம் செய்தி வந்தால், விளம்பரம் வராத மூலையில்தான் போடுவார்கள்.

பெண்பிள்ளைகளின் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்குள் ஆடக்கூடிய விளையாட்டு என்பதால் இந்தக் கரையில் சிறுமிகள் பலர் கரம் நன்றாக ஆடுவார்கள். பெருநாள் விடுமுறையில் அண்ணன்மாரைத் தோற்கடிப்பார்கள். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுக்குப்பின் அவர்களுக்குத் தொடர்ச்சியாக இரண்டு மணித்தியாலம் கிடைப்பதில்லை. இருபது நிமிடம் ஆடும்போது ஒருவர் தண்ணீர் கேட்பார், ஒருவர் தம்பியைப் பார்க்கச் சொல்வார். கழகக் கொட்டிலுக்கு அவர்கள் போகமுடியாது. காற்றுக்காலம் ஆண்களுக்குத்தான் ஓய்வு; கடல் மூடியிருக்கும்போது வீட்டில் ஆண்கள் இருப்பதால் சமையல் கூடுமே தவிரக் குறையாது. வடசென்னையில் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காஸிமா ஓர் ஓட்டோ சாரதியின் மகள். இந்தப் பெண்களின் வெற்றியை வாசித்தபோது, அவர்களுக்குப் பகலில் இரண்டு மணித்தியாலத்தை யார் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். நம் கரையில் அதை ஒதுக்கிக் கொடுக்க ஒரு தந்தை துணிந்தால் போதும், மிகுதியை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

அந்த இளைஞனுக்கு 2023இல் கட்டாருக்கு விசா வந்தது. ஒரு களஞ்சியத்தில் வேலை. படகு இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. மண்ணெண்ணெய் விலையில் அதைக் கடலிலிருந்து அடைப்பது இயலாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும். ஆனால் முகவர் சொன்ன பயணத் திகதி, கொழும்பில் அவன் பெயர் கொடுத்திருந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு நான்கு நாள் முந்தியது. மூன்று வாரம் தள்ளித்தர முடியுமா என்று முகவரிடம் கேட்டான். காரணத்தைச் சொன்னபோது முகவர் நம்பவில்லை. வேறொரு முகவரிடம் போகப்போகிறான் என்று நினைத்தாராம். திகதி மாற்றத்துக்கு மேலதிகக் கட்டணம் கேட்டார். கொடுத்தான். தாயார் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

போட்டியில் முதல்நாள் இரண்டு சுற்று வென்றான். இரண்டாம் நாள் காலை ஆட்டத்தை நான் பார்த்தேன். முதல் கேம் அவனுடையது. இரண்டாவது எதிராளிக்கு. மூன்றாவதில் இருவரும் இருபதைத் தாண்டிவிட்டார்கள். அவனுக்கு ஒரு கறுப்புக் காய் மட்டும் மிஞ்சியிருந்தது, வலது மூலைக்கு அருகே, ஓரத்தை ஒட்டி. நூறு முறை, நூறு முறை என்று அவன் அடித்த காய் அதுதான். காய் குழியின் உதட்டில் பட்டு நின்றது. எதிராளி அமைதியாகத் தன் இரண்டு காய்களையும் முடித்தார். மண்டபத்தின் குளிரூட்டியில் பலகை வேறு மாதிரி ஓடுகிறது என்று பின்னர் அவன் சொன்னான். சாக்காகச் சொல்லவில்லை, அடுத்தமுறைக்கான குறிப்பாகவே சொன்னான்.

அந்த மாதக் கடைசியில் டோஹாவுக்குப் போய்விட்டான். அண்மையில் கற்பிட்டிப் பக்கம் போனபோது அவர்களுடைய வீட்டுக்கும் போனேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் தொழிலாளர் விடுதியில் ஆடுகிறானாம். நேபாளத்தவர் ஒருவர் நன்றாக ஆடுகிறாராம். கடனில் பாதிக்குமேல் கட்டியாயிற்று. ஸ்ட்ரைக்கரைக் கையோடு கொண்டுபோனான், போரிக் தூளை மட்டும் விட்டுவிட்டுப் போனான் என்று தாயார் சிரித்துக்கொண்டு சொன்னார். வெள்ளைத் தூளைப் பையில் கண்டால் விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள் என்று முகவர் பயமுறுத்தியிருந்தாராம். அங்கே முகப்பவுடர் போட்டுத்தான் ஆடுகிறார்கள். காய் சரியாக ஓடுவதில்லை என்று ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் வாப்பாவிடம் முறையிடுகிறானாம்.